மெனோர்கா: இரண்டு கடற்கரைகளுக்கு நடுவே

மெனோர்கா என்று இணையத்தில் தேடினால் திரும்பத் திரும்ப ஒரே படம்தான் வரும். வெளிர்நீலத் தண்ணீர், வெள்ளை மணல், மேலே பைன் மரங்கள், தண்ணீர் இருப்பதே தெரியாமல் அந்தரத்தில் நிற்கிற ஒரு படகு. தீவின் தெற்குக் கரையில் இருக்கும் மகரெல்லெட்டா என்ற சின்னக் குடா அது. படம் பொய்யில்லை, நேரில் போனாலும் தண்ணீர் அப்படித்தான் இருக்கிறது. ஜூலையில் போனால் துண்டு விரிக்க இடமில்லாத அளவுக்குக் கூட்டமும் இருக்கும், அது படத்தில் வராது. இந்தப் படத்தை நம்பிப் போகிறவர்கள் இன்றைக்கு ஒரு கடற்கரை, நாளைக்கு ஒரு கடற்கரை என்று பேருந்திலோ வாடகைக் காரிலோ போய் வந்து விடுமுறையை முடித்துக்கொள்கிறார்கள். இரண்டு கடற்கரைகளுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதே இல்லை. என்னைக் கேட்டால் தீவே அங்கேதான் இருக்கிறது.

ஸ்பெயினின் பலேயாரிக் தீவுகளில் கிழக்குக் கோடியில் இருப்பது மெனோர்கா. பரப்பளவு சுமார் 700 சதுர கிலோமீட்டர். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் 50 கிலோமீட்டர் கூட வராது. உயரம் என்று சொல்ல மோன்தே தோரோ ஒன்றுதான், அதுவும் வெறும் 358 மீட்டர். பக்கத்துத் தீவான மயோர்காவின் மலைத்தொடர், இபிசாவின் இரவு ஆட்டம், இதெல்லாம் இங்கே கிடையாது. இங்கே இருப்பது ஒரு பாதை. கமி தெ கவால்ஸ் என்று பெயர், குதிரைப் பாதை. கரையை ஒட்டியே தீவை முழுச் சுற்றுச் சுற்றி வரும், மொத்தம் 185 கிலோமீட்டர். அதை 20 கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், கிழக்கே மாவோ நகரில் தொடங்கி இடஞ்சுழியாகப் போய் மாவோவிலேயே முடியும். முழுவதும் நடக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனால் ஒரு கட்டம் நடந்தவர்கள் அடுத்ததையும் பார்த்துவிடலாம் என்று கிளம்புவதைத்தான் நான் பார்த்தேன், நானும் அப்படித்தான்.

பாதையின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வழி நெடுக அது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். மத்தியதரைக் கடலின் நடுவில் நல்ல துறைமுகத்தோடு ஒரு தீவு இருந்தால் யாராவது ஒருவர் வந்து பறித்துக்கொண்டே இருப்பார்கள். 1535ல் ஒட்டோமான் கடற்படைத் தலைவர் பார்பரோசா மாவோவைச் சூறையாடினார். 1558ல் ஒட்டோமான் கப்பற்படை மேற்குக் கரையில் இருக்கும் சியுதாதெல்லா நகரத்தை அழித்து, உயிரோடு இருந்த ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்து கான்ஸ்டான்டினோப்பிளுக்கு அடிமைகளாகக் கொண்டுபோனது. அப்புறம் 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷார், பிரெஞ்சுக்காரர்கள், மறுபடி பிரிட்டிஷார், ஸ்பெயின், இன்னொரு தடவை பிரிட்டிஷார் என்று கைமாறிக்கொண்டே இருந்து, கடைசியாக 1802ல் ஸ்பெயினிடமே வந்து சேர்ந்தது. இப்படிப்பட்ட தீவில் கரையை யாராவது சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் இல்லையா? காவல் கோபுரத்திலிருந்து காவல் கோபுரத்துக்குக் குதிரையில் போகிற தடம்தான் இந்தப் பாதை.

கடலில் எதிரி இல்லாமல் போனதும் பாதை அநாதையாகிவிட்டது. தீவின் நிலம் பெரும்பாலும் தனியார் பண்ணைகள். இருபதாம் நூற்றாண்டில் பண்ணைக்காரர்கள் பலர் கதவைப் பூட்டிவிட்டார்கள். தங்கள் தாத்தாக்கள் நடந்த வழியில் உள்ளூர்க்காரர்களே போக முடியவில்லை. 1990களில் மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பூட்டிய கதவுகளுக்கு முன்னால் நின்று வழி கேட்டார்கள். 2000ஆம் ஆண்டு பலேயாரிக் நாடாளுமன்றம் இந்த ஒரு பாதைக்காகவே தனியாகச் சட்டம் போட்டது, பொதுமக்கள் நடக்க உரிமை உண்டு என்று. பேச்சுவார்த்தை, நில எடுப்பு, கம்பம் நடுவது எல்லாம் முடிந்து 2010ல் முழுச் சுற்றும் திறந்தது. வெறும் உல்லாசப் பயணத் திட்டமாக யாரோ மேலே உட்கார்ந்து வரைந்த பாதையாக இருந்திருந்தால் எனக்கு இதில் இவ்வளவு ஈடுபாடு வந்திருக்காது.

அந்தக் கதவுகளைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம். காட்டு ஒலிவ மரத்தின் கிளைகளை நேராக அறுக்காமல் அதன் வளைவோடு அப்படியே வைத்துச் செய்திருப்பார்கள். ஒவ்வொரு குறுக்குச் சட்டமும் ஒவ்வொரு மாதிரி வளைந்திருக்கும், ஒரு கதவைப் போல இன்னொன்று இருக்காது. வெயிலிலும் உப்புக் காற்றிலும் நரைத்து வெள்ளிச் சாம்பல் நிறமாகியிருக்கும், கையால் தடவினால் வழவழவென்று இருக்கும், மேல் சட்டத்தில் எல்லோரும் பிடித்துத் தள்ளுகிற இடம் மட்டும் இன்னும் கொஞ்சம் பளபளப்பு. இதற்கென்றே தச்சர்கள் இருக்கிறார்கள், இன்றைக்கும் செய்கிறார்கள். பாதையில் ஒரே நாளில் இப்படிப் பல கதவுகளைத் திறந்து மூட வேண்டியிருக்கும். மூடுவது முக்கியம், அந்தப் பக்கம் மாடு மேய்ந்துகொண்டிருக்கும். எங்களுக்கு முன்னால் போன ஒரு கும்பல் திறந்து போட்டுவிட்டுப் போக, பின்னால் வந்த ஒரு வயதான பெண்மணி உள்ளூர் மொழியான கத்தலானில் அவர்களை வாங்கு வாங்கென்று வாங்கினார். வார்த்தை ஒன்றும் புரியவில்லை, விஷயம் முழுசாகப் புரிந்தது.

வடக்கிலிருந்து ஆரம்பியுங்கள். சிலர் தெற்கு அழகாக இருக்கும், முதலில் அதைப் பார்த்துவிடலாம் என்பார்கள், கேட்காதீர்கள். இனிப்பை முதலில் தின்றுவிட்டால் மற்றது எதுவும் ருசிக்காது.

மாவோவிலிருந்து எஸ் கிராவ் என்ற மீனவர் குடியிருப்பு வரை முதல் கட்டம், பத்து கிலோமீட்டர். சும்மா காலைப் பழக்குவதற்கு. எஸ் கிராவுக்குப் பின்னால் ஒரு பெரிய நன்னீர்-உப்புநீர் ஏரி இருக்கிறது. 1995லிருந்து அதைச் சுற்றி இயற்கைப் பூங்கா. தீவு முழுவதையுமே யுனெஸ்கோ 1993ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்திருந்தாலும், அந்த அறிவிப்பின் உள்ளடக்கம் கண்ணுக்குத் தெரிவது இந்த இடத்தில்தான். இங்கே புதருக்குள் சரசரவென்று சத்தம் வந்தால் பாம்பு என்று துள்ளிக் குதிக்க வேண்டாம், பெரும்பாலும் ஆமையாக இருக்கும். ஹெர்மன் ஆமை, மஞ்சளும் கறுப்புமாக ஓடு, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. பாதையைக் குறுக்கே கடந்துகொண்டிருந்த ஒன்று எங்கள் காலடிச் சத்தம் கேட்டு நடுவழியில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. நாங்களும் நின்றோம். அதுவும் நின்றது. முன்னங்கால் இரண்டையும் மூக்குக்கு முன்னால் கதவு மாதிரிச் சாத்திக்கொண்டு, இடுக்கு வழியாக ஒரு கண் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. "டேய், நாம போனாத்தான் அது போகும்" என்றான் கூட வந்த நண்பன். சரி என்று சுற்றிக்கொண்டு போனோம்.

எஸ் கிராவைத் தாண்டி ஃபவாரிச் முனைக்குப் போகும்போதுதான் இந்தத் தீவின் தந்திரம் பிடிபடும். பச்சையாக வந்துகொண்டிருந்த வழி சட்டென்று கறுத்துவிடும். தகட்டுப் பாறை, கரும் பலகைக் கல், அடுக்கடுக்காக, செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும். மிதித்தால் ஓடு உடைகிற சத்தம். புல் பூண்டு ஒன்றும் இல்லாத அந்தக் கறுப்புத் தரையின் நடுவில் வெள்ளையில் கறுப்புச் சுருள் பட்டையோடு ஒரு கலங்கரை விளக்கம், 1922ல் கட்டியது. மற்ற இடங்களில் பாறையைப் பார்ப்பீர்கள், இங்கே பாறையைக் காலால் கேட்பீர்கள்.

காரணம் நிலவியல். மாவோ துறைமுகத்திலிருந்து வடமேற்கே கலா மொரெல் வரை ஒரு கோடு இழுத்தால் தீவு இரண்டாகப் பிரியும். வடக்குப் பாதி மிகப் பழசு, நாற்பது கோடி ஆண்டுகள் வரை வயதான பாறைகள்: பலகைக் கல், செம்மணற்கல், அங்கங்கே சுண்ணாம்பு, எல்லாம் மடிந்து உடைந்து கலந்து கிடக்கும். தெற்குப் பாதி முழுக்க ஒரே சுண்ணாம்புக்கல் மேடை, மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்தது, வடக்கோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்தது. அதனால்தான் வடக்கில் கரை ஒழுங்கில்லாமல் கிழிந்திருக்கிறது, மணல் ஓரிடத்தில் சிவப்பு, ஓரிடத்தில் பழுப்பு, ஓரிடத்தில் சாம்பல். தெற்கில் மணல் வெள்ளை, தண்ணீர் அந்தப் படத்தில் இருக்கிற நீலம். பேருந்தில் போகிறவருக்கு இது தகவல். நடக்கிறவருக்குச் செருப்பு விஷயம். வடக்கில் கணுக்கால் வரை பிடிக்கிற, அடி தடித்த காலணி இல்லாமல் இறங்காதீர்கள்.

அடுத்து வரும் அரெனல் தென் காஸ்டெல் பக்கமெல்லாம் விடுதிகளும் விடுமுறை வீடுகளும்தான். தண்ணீர் நிரப்பிக்கொண்டு நடையைக் கட்டலாம். ஃபொர்னெல்ஸ் குடா அழகு. அங்கே ஊருக்குள் முள் இறால் போட்டுச் செய்கிற கால்தெரெட்டா என்ற மீன்சாறு பேர்போனது. விலைப்பட்டியலை வெளியிலேயே ஒட்டியிருப்பார்கள், அதைப் படித்துவிட்டுப் பக்கத்துக் கடையில் ரொட்டியும் மாவோ பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொண்டோம். சதுரக் கட்டியாக, எண்ணெயும் மிளகாய்த் தூளும் தடவித் தோல் ஆரஞ்சு நிறமாக இருக்கும். பையில் இரண்டு நாள் தாங்கும், வெயிலில் கொஞ்சம் வியர்க்கும், ருசி கூடும். நடைக்கு இதைவிட நல்ல சாப்பாடு நான் இன்னும் பார்க்கவில்லை. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொன்று: கோடையின் பின்பகுதியில் போனால் ஒலியாய்க்வா என்று தக்காளிச் சாறு ஒன்று கிடைக்கும், கொதிக்க விடாமல் செய்வது, கூடவே அத்திப்பழம் தருவார்கள். என்ன சேர்க்கை இது என்று தோன்றும், சாப்பிட்ட பிறகு தோன்றாது.

கவல்யெரீயா முனை பலேயாரிக் தீவுகளிலேயே வடக்குக் கோடி. அங்கே காற்றைத் தவிர வேறொன்றைப் பற்றியும் பேச முடியாது. ட்ரமுண்டானா என்ற வடகாற்று தெற்கு பிரான்ஸ் பக்கமிருந்து தடையில்லாமல் கடல் தாண்டி வந்து மோதுகிற முதல் நிலம் இது. காட்டு ஒலிவ மரங்கள் எல்லாம் தெற்கே பார்த்துக் குனிந்திருக்கும், சில மரங்களுக்கு வடபக்கத்தில் இலையே கிடையாது. முனைக்குக் கிட்டப் போகப் போக மரமும் போய், முள் பந்துகளாகத் தரையோடு ஒட்டிக்கொண்ட செடிகள் மட்டும் மிஞ்சும். தொடை உயரம் கூட இல்லை, உள்ளே கையை விட்டால் வெளியே எடுக்க முடியாத அளவுக்கு இறுக்கம். எங்களுக்குக் காற்று மிதமாக இருந்தது என்று உள்ளூர்க்காரர் சொன்னார். அந்த மிதத்தில் என் தொப்பி போய்விட்டது.

இந்தச் சுற்றில் ஒரே ஒரு பகுதியைத்தான் நடக்க முடியும் என்றால் எதை நடப்பீர்கள் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: வடகரையில் பினிமெலா கடற்கரையிலிருந்து அல்கயாரென்ஸ் கடற்கரை வரை. இரண்டு கட்டங்கள், சேர்த்துப் பதினெட்டு கிலோமீட்டர் சொச்சம். இடையில் ஊர் இல்லை, கடை இல்லை, பேருந்து இல்லை, நிழல் ரொம்பக் குறைவு. நடுவில் எல்ஸ் அலோக்ஸ் என்ற இடத்தில் ஒரு மண் சாலை உள்ளேயிருந்து கடலுக்கு இறங்குகிறது, அவ்வளவுதான் வெளி உலகத் தொடர்பு. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்பது பயமுறுத்துவதற்காகச் சொல்வதில்லை.

ஆரம்பமே பிரெகொண்டா. செம்மண்ணும் பொன்மணலும் கலந்த கரை, கடலுக்குள் காவல் நிற்கிற பாறைத் தீவுகள், ஓரமாக ஒன்றிரண்டு வீடுகள். பினிமெலா வண்டி நிறுத்தத்திலிருந்து அரைமணி நேர நடை என்பதால் இதுவரை ஆட்கள் வருவார்கள், குளிப்பார்கள், திரும்பிவிடுவார்கள். பிரெகொண்டாவின் மேற்கு மேட்டைத் தாண்டின அடுத்த நிமிடம் மனித சத்தம் நின்றுவிடும். அதிலிருந்து பாதை ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும். வரைபடத்தில் உயரம் நூறு மீட்டருக்குக் கொஞ்சம் மேலேதான் காட்டும், அட இவ்வளவுதானா என்று இருக்கும். அந்த நூறு மீட்டரை ஒரே நாளில் கடல் மட்டம் வரை இறங்கி இறங்கி எத்தனை முறை ஏற வேண்டும் என்பதை வரைபடம் சொல்லாது. மண் செங்கல் சிவப்பு. காலணி, காலுறை, கால்சட்டையின் ஓரம், கடைசியில் தண்ணீர்ப் புட்டியின் மூடி வரை சிவந்துவிட்டது. அந்தச் சிவப்புக்கு எதிரே கடல் பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத ஒரு நிறம். சில குடாக்களில் மணலுக்குப் பதிலாக உருளைக் கற்கள், அலை திரும்பும்போது அவ்வளவு கற்களும் ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டு இறங்குகிற சத்தம் மேட்டில் நிற்கும்போதே கேட்கும்.

ஒரு ஏற்றத்தின் பாதியில் நண்பன் பையை இறக்கி வைத்துவிட்டு, "மச்சான், இந்தக் குதிரைங்க எல்லாம் நிஜமாவே இந்த வழியாத்தான் போச்சா?" என்றான். போயிருக்கின்றன, இன்றும் போகின்றன. பாதையில் குதிரைக்கும் சைக்கிளுக்கும் அனுமதி உண்டு. மெனோர்காவுக்கென்றே ஒரு கறுப்புக் குதிரை இனம் இருக்கிறது, ஜூன் 23, 24ல் சியுதாதெல்லாவில் நடக்கும் புனித ஜான் திருவிழாவில் கூட்டத்துக்கு நடுவில் பின்னங்காலில் நிற்க வைப்பார்கள். சறுக்குகிற அந்தச் சிவப்புச் சரிவில் ஒரு பெண் அப்படியொரு குதிரையில் எங்களைத் தாண்டி, ஒரு தலையசைப்போடு, மேலே ஏறிப் போனார். நண்பன் ஒன்றும் பேசாமல் பையை மாட்டிக்கொண்டான்.

மேலே பார்த்துக்கொண்டே நடங்கள். எகிப்தியப் பிணந்தின்னிக் கழுகு இந்தக் கரையில் உண்டு. ஐரோப்பாவில் மற்ற இடங்களில் இருப்பவை பெரும்பாலும் குளிர்காலத்துக்கு ஆப்பிரிக்கா போய்விடும், மெனோர்காக் கழுகுகள் எங்கும் போகாமல் ஆண்டு முழுக்க இங்கேயே கிடக்கும். வெள்ளை உடல், கறுப்பு ஓரம் வைத்த இறக்கை, மஞ்சள் முகம். பார்க்க அசப்பில் ராஜா, தின்பது செத்த ஆடு.

கலா மொரெலைத் தாண்டினால் மறுபடியும் தரை மாறும். புன்டா நாட்டி முனை வரை, அங்கிருந்து சியுதாதெல்லா வரை, கல்லைத் தவிர எதுவுமே இல்லாத வெளி. பலருக்குப் பிடிப்பதில்லை, அலுப்பான கட்டம் என்று எழுதுகிறார்கள். எனக்குப் பிரெகொண்டாவுக்கு அடுத்தபடி பிடித்தது இதுதான். வயலில் இருந்த கல்லையெல்லாம் பொறுக்கி, சாந்து எதுவும் இல்லாமல் அடுக்கி, சுவர்களாக்கியிருக்கிறார்கள். தீவு முழுக்க இந்தச் சுவர்கள் உண்டு, பல ஆயிரம் கிலோமீட்டர், ஆனால் இங்கே சுவரைத் தவிர வேறெதுவும் இல்லாததால் அதைப் பார்த்தே ஆக வேண்டும். சுவர் கட்டியும் மிஞ்சிய கல்லை வைத்து ஆடுகளுக்குக் கொட்டில் கட்டியிருக்கிறார்கள். வட்டமாக, மேலே போகப் போகக் குறுகுகிற படிகளாக, ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பிரமிடு. குனிந்து உள்ளே போனேன். வெளியே கண் கூசுகிற வெயில், உள்ளே குளுகுளுவென்று, ஆட்டுப் புழுக்கை வாசம், தலைக்கு மேலே கல் கல்லாக உள்ளே நகர்ந்து வந்து ஒரே ஒரு மூடுகல்லில் முடிகிறது. மரமே இல்லாத இடத்தில் மரம் இல்லாமலே கூரை போட்டிருக்கிறார்கள். சாந்தில்லாமல் கல்லடுக்கும் இந்தக் கலையை 2018ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது, ஸ்பெயின் உட்படப் பல நாடுகளின் பெயரில்.

புன்டா நாட்டி கலங்கரை விளக்கத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. 1910 பிப்ரவரியில் மார்செயிலிருந்து அல்ஜியர்ஸ் போய்க்கொண்டிருந்த ஜெனரல் ஷான்சி என்ற பிரெஞ்சுக் கப்பல் புயலில் இந்தப் பாறைகளில் மோதி உடைந்தது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்த கப்பலில் பிழைத்தது ஒரே ஒருவர். அதற்குப் பிறகுதான் இங்கே விளக்கு வந்தது, 1913ல்.

சியுதாதெல்லாவில் ஒரு நாள் காலுக்கு ஓய்வு கொடுங்கள். 1722ல் பிரிட்டிஷார் மாவோவுக்கு மாற்றும்வரை இதுதான் தலைநகரம், பழைய குடும்பங்களின் மாளிகைகளும் தேவாலயமும் இங்கேதான். கட்டடங்கள் எல்லாம் மரேஸ் என்ற மணல் நிறச் சுண்ணாம்புக்கல். நகரத்துக்கு வெளியே இந்தக் கல்லை வெட்டியெடுத்த பழைய குவாரிகள் இருக்கின்றன, நேர்க்கோட்டில் வெட்டிய ஆழமான பள்ளங்கள், போய்ப் பார்க்க வேண்டியவை. சதுக்கத்தின் நடுவில் 1558க்காக ஒரு தூபி நிற்கிறது. ஒவ்வொரு ஜூலை 9ஆம் தேதியும் அந்த அழிவைப் பற்றிய பழைய ஆவணத்தை இன்றும் வாசிக்கிறார்கள். அதே சதுக்கத்தின் ஓரத்தில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாறு கலந்த ஜின் குடிக்கிறார்கள், பொமாடா என்று பெயர். ஒயின் நாட்டில் ஜின் எப்படி என்றால், பிரிட்டிஷ் கடற்படை விட்டுவிட்டுப் போனது.

தெற்கைப் பற்றி நிறைய எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன், எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். பைன் நிழல், சமதளம், அவ்வப்போது சுண்ணாம்பு மேடையைப் பிளந்துகொண்டு கடலுக்கு இறங்குகிற பள்ளத்தாக்குகள். கால் தானாக நடக்கும். துர்கெட்டா, மகரெல்லெட்டா, மகரெல்லா, கலா கல்டானா என்று வரிசையாக வருகிற துண்டு ஆறு கிலோமீட்டர் சொச்சம்தான். கோடையில் மகரெல்லாவுக்குத் தனிக் கார்களை விடுவதில்லை, சியுதாதெல்லாவிலிருந்து பேருந்தில்தான் வர வேண்டும். முதல் பேருந்து வருவதற்குள் நடந்து வந்துவிட்டால் குடாவே உங்களுடையது. நடக்கிறவர்களுக்குக் கிடைக்கிற ஒரே சலுகை.

கரையில் பழுப்பாகக் குவிந்து கிடப்பதைப் பார்த்து, சுத்தம் செய்யவில்லையே என்று முகம் சுளிக்கிறவர்களை அங்கே நிறையப் பார்த்தேன். அது பொசிடோனியா என்ற கடற்புல்லின் காய்ந்த இலை. இந்தப் புல் கடலடியில் வயல் வயலாக வளர்ந்து மண்ணைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் இவ்வளவு தெளிவு. உதிர்ந்த இலை கரையில் மெத்தையாகக் கிடந்து குளிர்கால அலையில் மணல் அடித்துக்கொண்டு போகாமல் காக்கிறது. 2018ல் பலேயாரிக் அரசு இதைக் காக்கத் தனி ஆணையே போட்டது, புல்வெளி மேல் நங்கூரம் போடக் கூடாது. மணலில் அங்கங்கே பழுப்பு நிறத்தில் எலுமிச்சை அளவுக்குப் பஞ்சு உருண்டைகள் கிடக்கும், ஏதோ மிருகத்தின் எச்சம் என்று நண்பன் காலால் தள்ளிக்கொண்டே வந்தான். அதுவும் இந்தப் புல்லின் நார்தான், அலை உருட்டி உருட்டிச் செய்தது.

கிழக்கே போகப் போக மறுபடி சுவாரசியம் கூடும். கலெஸ்கோவெஸ் என்ற குடாவின் பாறைச் சுவரில் சுமார் தொண்ணூறு குகைகள் வெட்டியிருக்கிறார்கள், இறந்தவர்களை வைக்க, இரும்புக் காலத்து ஆட்கள். அவர்களும் அவர்களின் மூதாதையரும் கட்டிய கல் கோபுரங்களும், டி வடிவத்தில் நிறுத்திய தாவுலா என்ற பெருங்கற்களும் தீவின் உள்பக்கம் நிறைய உண்டு. 2023ல் அவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. பாதையிலிருந்து விலகிப் போய்ப் பார்க்க ஒரு நாளாவது ஒதுக்குங்கள். இன்னும் கொஞ்சம் தள்ளி பினிபெக்கா வெல் வரும், வெள்ளையடித்த சந்துகள், குட்டிக் குட்டி வளைவுகள், நூற்றாண்டுகள் பழைய மீனவர் கிராமம் என்று நம்பிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1970களில் கட்டிய விடுமுறைக் குடியிருப்பு அது. உள்ளே மனிதர்கள் வசிக்கிறார்கள், கூட்டம் தாங்காமல் சுற்றுலாப் பயணிகளுக்கு நேரம் குறித்திருக்கிறார்கள். ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாமல் தாண்டிப் போவது நல்லது.

கடைசிக் கட்டம் கலா சான்ட் எஸ்தெவெயிலிருந்து மாவோ, ஆறு கிலோமீட்டர். துறைமுக வாயில். இங்கிருந்த பெரிய கோட்டையை 1756ல் பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகையிட்டார்கள். காப்பாற்ற வந்த பிரிட்டிஷ் அட்மிரல் பிங் கப்பல்களைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். முழு முயற்சி செய்யவில்லை என்று விசாரித்து, 1757ல் சொந்தக் கப்பற்படையே அவரைச் சுட்டுக் கொன்றது. கோட்டையைப் பிறகு ஸ்பெயின்காரர்கள் இடித்துத் தள்ளிவிட்டார்கள். எஞ்சியது புல் மூடிய மேடுகளும் சுரங்கங்களும்தான்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஏப்ரல், மே, அக்டோபர், இந்த மூன்றில் ஏதாவது ஒன்று. ஏப்ரலில் பூ, அக்டோபரில் குளிக்க இதமான தண்ணீர். ஜூலை ஆகஸ்டில் வடக்குக் கட்டங்களை நடக்கிறேன் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். கண்ட இடத்தில் கூடாரம் அடிக்க அனுமதி இல்லை. அதனால் மாவோவிலும் சியுதாதெல்லாவிலும் இடையில் ஃபொர்னெல்ஸ், கலா கல்டானா மாதிரி இடங்களிலும் அறை எடுத்துக்கொண்டு கட்டத்தின் முனைக்குப் போய் வருவதுதான் வழி. பையை அடுத்த விடுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற, நம்மை வண்டியில் கூட்டிப் போய் விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள், வடக்குக்கு அவர்கள் இல்லாமல் முடியாது. வழி தவறுவது கஷ்டம், மரக்கம்பங்கள் நட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். அக்டோபர் முடிந்தால் கடற்கரைப் பேருந்துகள் பல நின்றுவிடும், விடுதிகளும் மூடிவிடும், அதனால் அந்த மாதக் கடைசியில் போகிறவர்கள் பேருந்து அட்டவணையைப் பார்த்துவிட்டே அறை பதிவு செய்யுங்கள்.